பழைய மடிக்கணினிக்கு எடை குறைந்த இயங்குதளம்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதை மைக்ரோசாஃப்ட் கம்பெனி நிறுத்திக்கொண்டது. தனியாகப் பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு என்று அறிவித்தார்கள். அதற்கு அடுத்த இரண்டு மாதத்தில் நம் சங்க நூலகத்துக்கு ஏழு பழைய மடிக்கணினிகள் நன்கொடையாக வந்து சேர்ந்தன. அன்பர்களின் கொடையுள்ளம் ஒரு காரணம். விண்டோஸ் 11 அவற்றில் ஏறாது என்பது இன்னொரு காரணம். சுமார் 2017-18க்கு முந்தைய இன்டெல் சில்லுகளை அது பெரும்பாலும் ஏற்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக் குழந்தைகளுக்கு இவற்றைப் பயன்படுத்த முடியுமா என்று செயலாளர் என்னைக் கேட்டார். கணினிப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இந்த மாதிரி வேலை எல்லாம் என் தலையில்தான் விடியும். சாந்தினி சௌக்கில் எனக்குப் பழக்கமான பழுதுபார்க்கும் பையன் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் தீர்ப்பு சொன்னான்: "ஹால்கா கிச்சு லாகான், தாதா." லேசா ஏதாவது போடுங்க, அவ்வளவுதான். அந்த 'லேசு' என்றால் என்ன, அதைப் போட்டதில் நாங்கள் பெற்றது என்ன, இழக்கப் பார்த்தது என்ன என்பதை எழுதி வைத்தால் வீட்டில் பழைய மடிக்கணினி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

இயங்குதளம் என்பது கல்யாண சத்திரத்து மேனேஜர் மாதிரி. விருந்தாளிகள் நாம் பயன்படுத்தும் மென்பொருள்கள். யாருக்கு எந்த ரூம், சமையற்கட்டு எப்போது யாருக்கு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது மேனேஜர் வேலை. அறைகளின் எண்ணிக்கைதான் நினைவகம். மேனேஜரே தன் பரிவாரத்தோடு வந்து பாதி ரூமைப் பிடித்துக்கொண்டால் கல்யாண வீட்டார் வராந்தாவில்தான் படுக்க வேண்டும். பழைய மடிக்கணினியில் நடப்பது இதுவே. பெட்டிக்கு வயசாகிவிட்டது என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் மேனேஜரின் பரிவாரம்தான் வருஷாவருஷம் பெருத்துப்போகிறது.

இந்தப் பிரச்சினை பெரிதாக வெளியே தெரிந்தது 2007இல். அந்த வருஷ ஆரம்பத்தில் விண்டோஸ் விஸ்டா வந்தது. நன்றாக ஓட 1 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்றார்கள். அதே வருஷ அக்டோபரில் தைவானின் அசூஸ் கம்பெனி 'ஈ பி.சி. 701' என்ற குட்டி மடிக்கணினியை வெளியிட்டது. 7 அங்குலத் திரை, 512 எம்.பி. நினைவகம், சுழலும் வட்டுக்குப் பதிலாக வெறும் 4 ஜி.பி. சேமிப்பு, எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. விஸ்டாவை அதில் ஏற்ற நினைப்பது சைக்கிள் கேரியரில் பீரோவை ஏற்றுகிற கதை. ஆகவே சேண்ட்ராஸ் என்ற லினக்ஸ் வகையைச் சுருக்கிப் போட்டார்கள். திறந்தால் இணையம், வேலை, படிப்பு, விளையாட்டு என்று பெரிய பெரிய படங்கள். ஆறு வயதுக் குழந்தையும் தொட்டுத் தெரிந்துகொள்ளும்.

இந்த ஜாதிக்கு 'நெட்புக்' என்று பெயர் வந்தது. விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்குமா? நிறுத்தப்போவதாகச் சொல்லியிருந்த விண்டோஸ் எக்ஸ்.பி. ஹோம் பதிப்பை இந்தக் குட்டிக் கணினிகளுக்காக மட்டும் நீட்டிப்பதாக 2008 ஏப்ரலில் அறிவித்தது. நான் 2009இல் என் மகள் ஹாஸ்டலுக்குப் போகும்போது வாங்கிக் கொடுத்த 10 அங்குல நெட்புக்கிலும் எக்ஸ்.பி.தான். இன்டெல் ஆட்டம் சில்லு, 1 ஜி.பி. நினைவகம். மேலே சொன்ன ஏழில் ஒன்று அது. அதன் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அதே 2009 ஜூலை 7ஆம் தேதி கூகுள் ஒரு அறிவிப்பு செய்தது. முதலில் நெட்புக்குகளுக்காக, குரோம் ஓ.எஸ். என்ற எடை குறைந்த புதிய இயங்குதளத்தைத் தயாரிக்கிறோம் என்று. அறிவிப்பில் கையெழுத்திட்ட இருவரில் ஒருவர் லைனஸ் அப்சன், இன்னொருவர் சுந்தர் பிச்சை. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்து, நமக்குப் பக்கத்தில் ஹௌராவிலிருந்து இரண்டு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் படித்தவர். அப்போது நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கவனித்தோம்? 2015இல் அவர் கூகுளின் தலைமைப் பதவிக்கு வந்த பிறகு, 'அவர் எங்க பக்கத்து ஊர்' என்று சொல்லாத ஆள் இல்லை. அது கிடக்கட்டும்.

அவர்கள் எடுத்துக்கொண்ட யோசனை எளிமையானது. கணினியைத் திறப்பவர்களில் பெரும்பாலோர் நேராக உலாவிக்குப் போகிறார்கள். கடிதம், செய்தி, வங்கி, ரயில் டிக்கெட் எல்லாம் அதிலேயே நடக்கிறது. அப்படியானால் உலாவியைத் தவிர மற்ற சாமான் எதற்கு? அடியில் லினக்ஸ் கரு, மேலே குரோம் உலாவி. நடுவில் இருந்ததை எல்லாம் இறக்கி வைத்தார்கள். 2009 நவம்பரில் மாதிரி காட்டியபோது பொத்தானை அமுக்கிய 7 வினாடியில் கணினி தயார். நம் ஆபீஸ் கணினிகளை ஆன் பண்ணிவிட்டு டீ குடித்து வரும் வழக்கம் இருந்த காலம் அது.

வேகத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் உள்ளமைப்பு. இயங்குதளம் இருக்கும் பகுதியில் யாரும் எழுத முடியாது, படிக்க மட்டும்தான். அதற்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒரு வேட்டியை உடுத்தியிருக்கும்போது மாற்று வேட்டி துவைத்துக் கொடியில் காய்வது போல, ஒரு பிரதியில் கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றதில் புதிய திருத்தங்கள் ஏறிவிடும். அடுத்த முறை திறக்கும்போது புது வேட்டி. புதியது சரியாக எழுந்திருக்கவில்லை என்றால் பழையதற்கே திரும்பிவிடும். குரோம்புக் என்று இதற்காகவே செய்த மடிக்கணினிகளில் இன்னொரு காவலும் உண்டு. திறக்கும்போதே இயங்குதளத்தை யாராவது கைவைத்து மாற்றியிருக்கிறார்களா என்று முத்திரையைச் சரிபார்த்துவிட்டுத்தான் மேலே போகும். உலாவியின் ஒவ்வொரு பக்கமும் தனித்தனிக் கூண்டில் ஓடும். ஒன்றில் விஷமம் நடந்தால் அடுத்ததைத் தொடுவது கடினம். வருஷாவருஷம் வைரஸ் தடுப்புக்குப் பணம் கட்டி, அந்தத் தடுப்பே கணினியை மூச்சுத் திணற வைத்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

2011 ஜூன் 15ஆம் தேதி ஏசர், சாம்சங் கம்பெனிகளின் குரோம்புக்குகள் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தன. அதற்குள் உலகம் வேறு திசையில் போயிருந்தது. 2010இல் ஐபேட் வந்து நெட்புக் மோகத்தைத் தணித்துவிட்டது. குரோம்புக் வீடுகளைப் பிடிப்பதற்கு முன் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களைப் பிடித்தது. நம் ஊர் நிலைமை வேறு. இணையம் இல்லாவிட்டால் ஆரம்பகாலக் குரோம்புக் பாதி உயிர்தான், நாமோ அன்றைக்கு டாங்கிளை ஜன்னலோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிக்னல் தேடிக்கொண்டிருந்தோம்.

பிறகு, இறக்கி வைத்த சாமான்களையே ஒவ்வொன்றாக ஏற்ற ஆரம்பித்தார்கள். 2016இல் ஆண்ட்ராய்டு செயலிகள், 2018இல் லினக்ஸ் மென்பொருள்கள். 2025இல் குரோம் ஓ.எஸ்.ஸையும் ஆண்ட்ராய்டையும் ஒரே அடித்தளத்துக்குக் கொண்டுவரப் போவதாகவும் சொன்னார்கள். லேசாகப் பிறந்தது எதுவும் லேசாகவே இருப்பதில்லை போலும்.

நமக்கு நேரடியாகப் பயன்படுவது 2022 ஜூலையில் வெளியான குரோம் ஓ.எஸ். ஃப்ளெக்ஸ். வேறு கம்பெனிக் கணினிகளில், பழையவற்றிலும், நாமே ஏற்றிக்கொள்ளலாம். விலை இல்லை. 64 பிட் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. சில்லு, 4 ஜி.பி. நினைவகம், 16 ஜி.பி. சேமிப்பு இருந்தால் போதும். ஒரு பென் டிரைவில் தயார் செய்து, உள்ளே இருப்பதைத் தொடாமலே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை எடுக்கிறதா, ஒலி வருகிறதா என்று பார்த்துத் திருப்தியானால் நிரந்தரமாக ஏற்றலாம். ஆனால் ஏற்றும்போது வட்டில் உள்ள அத்தனையும் அழிந்துபோகும். விண்டோஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பது இதில் நடக்காது. ஃப்ளெக்ஸில் ப்ளே ஸ்டோர் செயலிகளும் கிடையாது. கடைக் கணக்கை டாலியில் எழுதுகிறவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். விண்டோஸ் மென்பொருள் எதுவும் நேரடியாக ஓடாது.

ஏழில் நான்கு பெட்டிகளில் ஃப்ளெக்ஸ் அழகாக உட்கார்ந்தது. இரண்டில் 2 ஜி.பி.தான் இருந்தது, பையன் கூடுதல் நினைவகச் சில்லு செருகிச் சரிசெய்தான். ஏழாவது என் மகளின் நெட்புக். அதன் ஆட்டம் சில்லு 32 பிட். ஃப்ளெக்ஸ் திரும்பியே பார்க்காது. லினக்ஸ் உலகிலும் 32 பிட்டுக்குக் கதவு மூடிக்கொண்டே வருகிறது. பல லினக்ஸ் வகைகளுக்குத் தாய்வீடான டெபியன், 2025 ஆகஸ்டில் வந்த 13ஆம் பதிப்போடு 32 பிட் இன்டெல் கணினிகளில் நேரடியாக நிறுவும் வசதியை எடுத்துவிட்டது. 12ஆம் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ் என்ற லேசான லினக்ஸை ஏற்றினேன். இணையத்துக்கு லாயக்கில்லை, ஒரு பக்கம் திறப்பதற்குள் அப்பளம் பொரித்துவிடலாம். தமிழ்த் தட்டச்சுப் பழகுவதற்கு மட்டும் போதும். கொஞ்சம் பாசத்தினால் செய்த வேலை என்று ஒப்புக்கொள்கிறேன்.

வகுப்பு தொடங்கியது. குரோம் ஓ.எஸ்.ஸில் தமிழ் உள்ளீடு கூடவே வருகிறது. தமிழ்99 உண்டு, ஒலிபெயர்ப்பு முறை உண்டு, பழைய தட்டச்சு முறையும் உண்டு. வீட்டில் வங்காளியும் இங்கிலீஷும் கலந்து பேசும் பிள்ளைகள் இரண்டு வாரத்தில் 'லேக் மார்க்கெட்' என்று தமிழில் அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆளுக்கு ஒரு கணக்கு திறக்கச் சோம்பல்பட்டு நான் அவர்களை விருந்தினர் முறையில் உட்கார வைத்துவிட்டேன். அதில் வெளியேறியதும் எழுதியது எல்லாம் துடைத்துப்போகும். எனக்குத் தெரியும், அவர்களுக்குச் சொல்ல மறந்தேன். பதினோரு வயதுப் பெண் ஒருத்தி முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பூஜை விடுமுறை பற்றித் தன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு முழுப் பக்கம் தமிழில் எழுதியிருந்தாள். மூடிவிட்டுத் திரும்பத் திறந்தாள். "அங்கிள், என் கதை எங்கே?" என்றாள். என்ன பதில் சொல்ல? அடுத்த ஞாயிறே எல்லாருக்கும் பெற்றோர் மேற்பார்வையில் கணக்கு திறந்தாகிவிட்டது. அவள் மறுபடி எழுதவில்லை. "அது வேற கதை, மறந்துபோச்சு" என்று சொல்லிவிட்டாள்.

இதைவிடப் பெரிய சோதனை ஒன்று வந்தது. கொடுத்த பெட்டிகளில் ஒன்று நம் சங்கத்தின் மூத்த உறுப்பினர் மாமி ஒருவருடையது. எண்பத்திநாலு வயது. பேரன் கொண்டுவந்து கொடுத்தான். அழிப்பதற்கு முன் அதிலிருந்த கோப்புகளைப் பென் டிரைவில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். அவற்றில் மாமி பத்து வருஷத்துக்கு மேலாக எழுதிவந்த நினைவுக் குறிப்பு இருந்தது. 1962இல் கல்யாணமாகி ஹௌரா ஸ்டேஷனில் இறங்கியதிலிருந்து 140 பக்கம். ஃப்ளெக்ஸ் ஏற்றி, கோப்பைத் திரும்ப அதிலேயே போட்டு, மாமியை வரவழைத்துப் பெருமையாகத் திறந்து காட்டினேன்.

மாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "என்னப்பா இது? நான் தமிழ்லதானே அடிச்சேன்?"

திரை முழுக்க இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும். ஒரு வார்த்தை கூடத் தமிழில் இல்லை.

எனக்கு ஒரு நொடியில் விஷயம் புரிந்துவிட்டது, அடுத்த நொடி வயிற்றைக் கலக்கியது. மாமி இளம் வயதில் ஊரில் தமிழ்த் தட்டச்சு கீழ்நிலை, மேல்நிலை இரண்டும் பாஸ் பண்ணியவர். அந்த விசையமைப்பை ஒட்டியிருக்கும் பாமினி எழுத்துருவில்தான் எல்லாவற்றையும் அடித்திருந்தார். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் நடப்பது ஒரு வேஷம். கணினிக்குள் பதிவாவது இங்கிலீஷ் எழுத்துத்தான்; எழுத்துரு அதன் மேல் தமிழ் முகமூடியை மாட்டிக் காட்டும். 'தமிழ்' என்று மாமி அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு இங்கிலீஷ் எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல். விண்டோஸில் அந்த எழுத்துரு ஒரு மூலையில் இத்தனை வருஷம் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தது. அதையும் சேர்த்துத்தான் நான் துடைத்திருந்தேன். குரோம் ஓ.எஸ்.ஸிலோ, இயங்குதளப் பகுதியில் யாரும் எழுத முடியாது என்று மேலே புகழ்ந்தேனே, அதனாலேயே விண்டோஸில் போடுவது போல எழுத்துருவை நாம் நினைத்தபடி நிறுவ முடியாது.

இந்தக் குழப்பம் நம் மொழிக்கே நேர்ந்த ஒன்று. யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றுவிட்டது. அதில் 'த' என்றால் எந்தக் கணினியிலும் 'த'தான், எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது. ஆனால் சாதாரணக் கணினிகளில் அது சரிவரத் தெரியப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. அதுவரை காத்திருக்க முடியாமல் ஒவ்வொருவரும் ஒரு குறியீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு டாம், டாப் என்ற இரண்டு குறியீடுகளைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது. இணையக் குழுக்களில் திஸ்கி, அச்சகங்களில் இன்னும் எத்தனையோ. 2010இல்தான் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இடைப்பட்ட காலத்தில் நாம் எழுதிக் குவித்தவை எல்லாம் பழைய விண்டோஸ் பெட்டிகளில், எழுத்துருவை நம்பிக் கிடக்கின்றன. நம் சங்க மலர்களின் பழைய கோப்புகளும்தான். போன மாதம் தேடிப் பார்த்ததில் மூன்று வருஷ மலர்கள் மூன்று வெவ்வேறு எழுத்துருவில் இருக்கின்றன.

மாமியின் எழுத்து அழியவில்லை என்று அவருக்குச் சொல்லி நம்ப வைக்கவே அரை மணி நேரம் ஆனது. பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. என் வீட்டு விண்டோஸ் கணினியில் 140 பக்கத்தையும் மாற்றினேன். தமிழ் அப்படியே வந்துவிட்டது. ஆனால் மாமி நடுநடுவே இங்கிலீஷில் அடித்திருந்த தெருப் பெயர்கள், கம்பெனிப் பெயர்கள், மருந்துப் பெயர்கள் எல்லாவற்றையும் மென்பொருள் பாமினி என்றே நினைத்துத் தமிழாக்கிவிட்டது. ஒரு பக்கத்தில் மாமியின் கணவர் வேலை பார்த்த கம்பெனியின் பெயர் இருந்த இடத்தில் வாயில் நுழையாத ஏழெட்டுத் தமிழ் எழுத்து. பழைய கோப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திருத்த வேண்டியதாயிற்று.

இப்போது ஞாயிறு வகுப்பு முடிந்ததும் மாமி அரை மணி நேரம் உட்காருகிறார். வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் திரையைப் பார்த்து வாசிக்க, அவர் பிழை சொல்லத் திருத்துகிறோம். 96 பக்கம் முடிந்திருக்கிறது. புதியதாக எழுதுவதையும் அதே பெட்டியில்தான் அடிக்கிறார். தட்டச்சு முறை உள்ளீடு இருப்பதால் விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை, பதிவாவதும் யூனிகோடு. "இது சட்டுனு திறக்கறதுப்பா, பழசு மாதிரி முனகறதில்லை" என்றார்.

இந்த ஆறு பெட்டிகளுக்கும் ஆயுள் முடிவில்லாதது என்று நினைக்க வேண்டாம். ஃப்ளெக்ஸில் சரிபார்க்கப்பட்ட ஒவ்வொரு மாடலுக்கும் இந்த வருஷம் வரை ஆதரவு என்று கூகுள் பட்டியலே வைத்திருக்கிறது. குரோம்புக்குகளுக்கும் அப்படியே. 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்குப் பத்து வருஷம் தானியங்கித் திருத்தங்கள் உண்டு என்று 2023இல் அறிவித்தார்கள். அது மாடலின் அடிப்படையான வன்பொருள் தளம் வெளியான நாளிலிருந்து கணக்கு, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. பழைய குரோம்புக்கை மலிவு விலைக்கு வாங்குகிறவர்கள் கடையிலேயே அந்தத் தேதியைப் பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

மடிக்கணினி கொடுக்க நினைக்கும் அன்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். அதில் 2010க்கு முன் தமிழில் அடித்த கோப்பு ஏதாவது இருந்தால், விண்டோஸ் இருக்கும்போதே திறந்து, எழுத்துருவின் பெயரை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியோடு கொடுங்கள். முடிந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் பென் டிரைவில் எடுத்துத் தாருங்கள். மாற்றும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை நூலகத்தில்தான் இருப்பேன். இரண்டாவது, தயவுசெய்து சார்ஜரையும் கொண்டு வாருங்கள். வந்த ஏழில் மூன்று சார்ஜர் இல்லாமல் வந்தன.